ஆறரை பேண்டுக்குப் பிறகு

ஜூன் பிறந்ததும் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் உள்ளூர் மாணவர்கள் பெட்டி கட்டிக் கிளம்பிவிடுவார்கள். விடுதிகள் காலியாகக் கிடக்கும் என்று நினைத்தால் தவறு. செங்டூ, ரியாத், பாங்காக், அல்மாட்டி, பொகோட்டா என்று திசைக்கொருவராக அடுத்த கூட்டம் வந்து இறங்கும். எல்லோருக்கும் முதுகலைப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் நிபந்தனையோடு. துறை கேட்பது ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 6.5 பேண்டு என்றால், இவர்கள் கையில் இருப்பது 6 அல்லது 5.5. அந்தக் குறையை நிரப்பத்தான் ‘ப்ரீ-செஷனல்’ என்ற கோடைக்கால வகுப்பு. குறை எவ்வளவோ அதற்கேற்ப 4 வாரம், 6 வாரம், 10 வாரம், சில இடங்களில் அதற்கும் மேல். தேறியவர் செப்டம்பரில் முதுகலை வகுப்பில் உட்காரலாம். தேறாதவர் ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டியதுதான்.

இதை எழுதுபவர் வட இங்கிலாந்தில் பல கோடைகள் இந்த வகுப்புகளை எடுத்தவர். தமிழ் பேசும் வீட்டிலிருந்து போய், சீனர்களுக்கும் அரபியர்களுக்கும் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்தவர். வந்து உட்காரும் மாணவர்களுக்கு ஆங்கிலம் போதாது என்று சொல்ல அவருக்கு மனம் வருவதில்லை. பலர் இலக்கணப் பயிற்சித் தாளில் உள்ளூர் மாணவரையே தோற்கடித்துவிடுவார்கள். அவர்கள் தடுமாறும் இடம் வேறு. ஒரே பக்கத்தில் நான்கு ஆய்வாளர்கள் பேசுகிறார்கள். அவர்களில் யார் எதைச் சொன்னார், அவர்கள் நடுவே நான் எங்கே நிற்கிறேன் என்று வாசகருக்குக் காட்டத் தெரியவில்லை. ப்ரீ-செஷனல் வகுப்பில் மற்றதையெல்லாம் இதற்குப் பின்னால் தள்ளலாம் என்பது அவருடைய கட்சி.

இந்தத் தடுமாற்றத்துக்குத் தேர்வின் அமைப்பே ஒரு காரணம். ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வுக்கு 60 நிமிடம். முதல் கேள்விக்கு 150 சொல், இரண்டாவதற்கு 250 சொல் எழுதினால் போதும். நகரத்துக்குள் கார்களைத் தடை செய்யலாமா என்கிற மாதிரி ஒரு கேள்வி வரும். எந்தப் புத்தகத்தையும் பார்க்க வேண்டாம், யார் பெயரையும் சொல்ல வேண்டாம். மனதில் பட்டதை நான்கு பத்தியாக எழுதலாம். கோச்சிங் சென்டர்கள் அந்த நான்கு பத்திக்கும் அச்சு வார்த்துக் கொடுத்துவிடுகின்றன. அதே மாணவர் முதுகலையின் முதல் பருவத்தில் 3000 சொல்லில் கட்டுரை எழுத வேண்டும். 15 ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, ஒன்றோடொன்று மோதவிட்டு, தன் முடிவைச் சொல்ல வேண்டும். 250-லிருந்து 3000-க்குப் போவதைவிட, யாரையும் சாராமல் எழுதியவர் திடீரென்று பதினைந்து பேருக்கு நடுவே எழுத வேண்டியிருப்பதுதான் பெரிய தாவல்.

அதனால் முதல் வாரத்திலேயே அவர் ஒரு சோதனை வைப்பார். அமெரிக்கப் பொருளாதாரத்தில் பிரபலமான ஒரு சண்டை அதற்குக் கைகொடுக்கும். 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் உயர்வு இல்லை. டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரு பக்கத்து துரித உணவுக் கடைகளையும் போனில் விசாரித்து, கூலி ஏறியதால் வேலை குறையவில்லை என்று 1994-ல் எழுதினார்கள். டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் அதே கேள்விக்குக் கடைகளின் சம்பளப் பட்டியல்களை வாங்கிப் பார்த்துவிட்டு, வேலை குறைந்தது என்று 2000-ல் மறுத்தார்கள். இரண்டு பக்கத்தையும் எளிய ஆங்கிலத்தில் ஒவ்வொரு தாளாகச் சுருக்கிக் கொடுத்து, “அரைப் பக்கம் எழுதுங்கள்” என்பார்.

அநேகமாக எல்லாக் கோடையிலும் நடப்பது ஒன்றுதான். பாதிப் பேர் முதல் கட்டுரைக்கு ஒரு சுருக்கம், இரண்டாவதற்கு ஒரு சுருக்கம் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார்கள். இரு தரப்பும் முரண்படுகின்றன என்ற ஒரு வரி அதில் இருக்காது. மீதிப் பேர் கையைத் தூக்குவார்கள்.

“டீச்சர், இதில் எது சரி?”

“நீங்களே சொல்லுங்கள்.”

“நான் எப்படிச் சொல்வது? அவர்கள் பேராசிரியர்கள்.”

கார்டு 2021-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரானதும் வகுப்பில் புதுப் பதிலொன்று முளைத்தது: “நோபல் வாங்கியவர் சொன்னதுதான் சரி.” சிரிப்பு வந்தாலும் அதை ஒதுக்கிவிடக் கூடாது. அந்த மாணவர் முதல்முறையாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறார், அதற்கு ஒரு காரணமும் சொல்லியிருக்கிறார். காரணம் நொண்டி என்பது அடுத்த மணி நேரத்துக்கான வேலை. போனில் கேட்டு வாங்கிய எண்ணிக்கைக்கும் சம்பளப் பட்டியலிலிருந்து எடுத்த எண்ணிக்கைக்கும் என்ன வித்தியாசம்? கடை மேனேஜர் போனில் குத்துமதிப்பாகச் சொல்லியிருப்பாரா? சம்பளப் பட்டியல் கொடுத்த கடைகளை யார் தேர்ந்தெடுத்தார்கள்? இந்தக் கேள்விகளைச் சீன மாணவியும் கேட்பார், சவூதிப் பொறியாளரும் கேட்பார். கேட்கலாம் என்று ஒருவர் அனுமதி கொடுத்தால் போதும்.

அடுத்துக் கலர் பேனா. எழுதிய அரைப் பக்கத்தை அவரவரே திரும்பப் படித்து, மற்றவர் சொன்னதை மஞ்சளிலும் தான் சொன்னதைப் பச்சையிலும் பூச வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த சங்கதியை வெள்ளையாக விட்டுவிடலாம். சிலருடைய தாள் முழுக்க மஞ்சள். சிலருடையது முழுக்கப் பச்சை. படித்ததெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியாது. இஸ்தான்புல்லிலிருந்து வந்த ஒருவருடைய தாளில் ஒரே வாக்கியத்தின் நடுவில் மஞ்சள் பச்சையாக மாறியது. “இந்த இடத்தில் ஆள் மாறிவிட்டார் என்று எனக்குத் தெரிகிறது, படிப்பவருக்கு எப்படித் தெரியும்?” என்று அவரே கேட்டுக்கொண்டார். ஆய்வாளர் பெயரை வாக்கியத்தின் தலையில் வைப்பதா, கடைசியில் அடைப்புக்குறிக்குள் வைப்பதா என்ற விஷயம் அன்று பத்து நிமிடத்தில் முடிந்தது. ஹார்வர்டு மேற்கோள் முறை, ஏபிஏ முறை என்று தனிப்பாடமாக நடத்தும்போது அதே விஷயம் இரண்டு நாள் இழுக்கும். அரை வகுப்பு தூங்கும்.

சொந்தச் சொல்லில் எழுதுவது இதைவிடக் கஷ்டமான பகுதி. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் கட்டுரையை டர்னிடின் போன்ற மென்பொருளுக்குள் போடுவார்கள். ஏற்கெனவே அச்சானவற்றோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று அது காட்டும். எத்தனை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தப்பிக்கலாம் என்பது மாணவர்கள் மத்தியில் ஓயாமல் நடக்கும் ஆராய்ச்சி. எண்ணைக் குறைப்பதற்காக அகராதியைத் திறந்து ஒவ்வொரு சொல்லுக்கும் மாற்றுச் சொல் போடுவார்கள். வேட்டியைத் திருப்பிக் கட்டினால் புது வேட்டி ஆகிவிடுமா? இதில் மாணவர்களை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. கியோம் கபனாக் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2021-ல், அச்சான ஆய்விதழ்களிலேயே இப்படிச் சித்திரவதைப்பட்ட சொற்றொடர்களைத் தேடிப் பிடித்தார்கள். ‘ஆர்ட்டிஃபீஷியல் இன்டெலிஜென்ஸ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘கவுண்டர்ஃபிட் கான்ஷியஸ்னெஸ்’ என்று இருந்தது. செயற்கை நுண்ணறிவு கள்ள உணர்வாகிவிட்டது. இதை வகுப்பில் காட்டினால் ஐந்து நிமிடம் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு அகராதியைத் திறக்கக் கூச்சப்படுவார்கள்.

மாற்றுவழி பழையதுதான். பத்தியைப் படி, தாளைக் கவிழ்த்து வை, பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல், பிறகு எழுது. பக்கத்தில் இருப்பவர் வேறு மொழிக்காரராக இருந்தால் பலன் அதிகம். இரண்டு சீனர்கள் அடுத்தடுத்து உட்கார்ந்தால் விளக்கம் சீன மொழிக்குப் போய்விடும். சீனரும் தாய்லாந்துக்காரரும் உட்கார்ந்தால் புரிந்ததை ஆங்கிலத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்போது வருகிற தட்டுத்தடுமாறிய நான்கு வாக்கியங்கள்தான் நல்ல சுருக்கத்தின் கரு. மாணவர் மூலத்தின் சொற்களையும் தன் சொற்களையும் ஒட்டுப்போட்டு எழுதுவதை ‘பேட்ச்ரைட்டிங்’ என்று 1990களில் பெயரிட்டவர் அமெரிக்கப் பேராசிரியர் ரெபெக்கா மூர் ஹவர்டு. அதைத் திருட்டு என்று முத்திரை குத்தாமல், எழுதக் கற்பவர் கடந்துபோகும் ஒரு கட்டமாகப் பார்க்கலாம் என்றார் அவர். கோடை வகுப்பாசிரியர்களுக்கு இது ஆறுதலான வாதம். செப்டம்பரில் ஒழுங்கு நடவடிக்கைக் குழு முன்னால் அந்த வாதம் எடுபடுமா என்பது வேறு கதை. ஆகவே ஒட்டுப்போட்ட தாளுக்கு ஜூலையில் தண்டனை கிடையாது, ஆனால் அது எங்கே ஒட்டு என்று மாணவரே காட்ட வேண்டும் என்பது இவர் வைத்திருக்கும் சட்டம்.

பல நாட்டு வகுப்பு என்றதும் ஆசிரியர் அறையில் நாட்டுக்கொரு முத்திரை தயாராக இருக்கும். சீனர் மனப்பாடம் செய்வார், அரபியர் பேசுவார் ஆனால் எழுதமாட்டார், ஜப்பானியர் வாயே திறக்கமாட்டார் என்று. இதற்கு ஒரு படிப்பாளிப் பரம்பரையும் உண்டு. 1966-ல் மொழியியலாளர் ராபர்ட் கப்லான் ஒரு கட்டுரையில் படம் போட்டுக் காட்டினார்: ஆங்கிலேயர் எழுத்து நேர்க்கோடு, கிழக்கத்தியர் எழுத்து உள்நோக்கிச் சுற்றும் சுருள், செமிட்டிக் மொழிக்காரர்களுடையது வளைந்து வளைந்து போகும் கோடு. சொல்ல எளிது, மறக்க முடியாது, ஆகவே அரை நூற்றாண்டு தாண்டியும் பயிற்சிப் பட்டறைகளில் அந்தப் படம் தலைகாட்டுகிறது. நேர்க்கோடு யாருக்குக் கிடைத்திருக்கிறது என்று பாருங்கள். விமர்சனங்கள் குவிந்த பிறகு கப்லானே பின்னாளில் தன் வாதத்தைத் தளர்த்திக்கொண்டார்.

இதற்கு நல்ல பதில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரிடமிருந்து வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் ஆங்கிலம் கற்பித்து, பிறகு அமெரிக்காவுக்குப் போன சுரேஷ் கனகராஜா, 2006-ல் எழுதிய கட்டுரையொன்றில் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியின் ஆய்வெழுத்துகளை எடுத்துக்கொண்டார். ஒன்று தமிழில் உள்ளூர் வாசகருக்கு, ஒன்று ஆங்கிலத்தில் உள்ளூர் வாசகருக்கு, ஒன்று ஆங்கிலத்தில் வெளிநாட்டு ஆய்விதழுக்கு. எழுதியவர் ஒருவரே, வாசகர் மாறியதும் கட்டுரையின் நடையும் மாறுகிறது. தாய்மொழி அவரைச் சுருளுக்குள்ளோ கோட்டுக்குள்ளோ பூட்டிவைக்கவில்லை. மாணவர்களுக்கும் இது பொருந்தும் என்பதை நேரில் பார்க்கலாம். ரியாத்திலிருந்து வந்த ஒருவர் ஒவ்வொரு கட்டுரையையும் நீண்ட முகமனோடு தொடங்கினார். அரபுப் பண்பாடு என்று விட்டிருக்கலாம். கேட்டபோதுதான் தெரிந்தது, அவர் ஒரு அரசு அலுவலகத்தில் வருடக்கணக்காகக் கடிதம் எழுதிய மனிதர். அதே ஊரிலிருந்து வந்த ஆய்வக வேதியியலாளர் மூன்றாவது வரியிலேயே முடிவைச் சொல்லிவிடுவார்.

எனவே முதல் நாள் நிரப்பும் தாளில் எந்த நாடு என்ற கேள்வியோடு இன்னொன்றையும் சேர்ப்பது நல்லது: கடைசியாக நீங்கள் எழுதிய நீளமான விஷயம் எது, அதை யார் படித்தார்கள்? சீன மாணவர்களில் பலர் ‘காவ்காவ்’ என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு எழுதியதைச் சொல்வார்கள். அதன் ஆங்கிலக் கட்டுரை மிகச் சிறியதுதான். சிலர் தங்கள் மொழியில்கூட ஐந்து பக்கத்துக்கு மேல் எழுதியதில்லை என்பார்கள். அப்படிப்பட்டவருக்கு ஆங்கிலத்தைத் திருத்துவதற்கு முன், ஐந்து பக்கத்தை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்று காட்ட வேண்டும்.

ஒரு இடத்தில் மட்டும் தாய்மொழியைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்: வாசிப்பு. அரபியில் குறில் உயிர்களைப் பொதுவாக எழுதுவதில்லை. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்தைப் படிக்கும் அரபியர்கள் உயிரெழுத்து மாறியதைக் கவனிக்கத் தவறுகிறார்கள் என்று ஆன் ரயனும் பால் மியாராவும் 1991-ல் சோதித்துக் காட்டினார்கள். வகுப்பில் ஒரு பக்கத்தைப் படிக்க ஒருவர் இரண்டு மடங்கு நேரம் எடுத்தால் சோம்பல் என்று முடிவுகட்ட வேண்டாம். வாசிப்புத் தாளை முந்தைய நாள் மாலையே அனுப்பிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

செமினாரில் சிலர் வாய் திறக்காமல் இருப்பதற்கும் இதே மருந்து, அதாவது கூடுதல் நேரம் கொடுப்பது, பாதி உதவும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று வினாடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன என்று ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தது அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம். இரண்டாம் மொழியில் வாக்கியம் கட்டுகிறவருக்கு மூன்று வினாடியும் பற்றாது. “முதலில் இரண்டு நிமிடம் எழுதுங்கள், பிறகு பேசலாம்” என்றால் வாய் மூடியிருந்தவர்களிடம் கையில் ஏதோ இருக்கும். கொலம்பியர்களும் துருக்கியர்களும் அதற்குள் பேச்சை எடுத்துக்கொண்டால், “முந்தையவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத்தான் உங்கள் கருத்து” என்று ஒரு விதி போடலாம். வேகம் தானாகக் குறையும். யார் சொன்னது என்ற பாடமும் வாய்மொழியாக நடக்கும்.

கல்விசார் சொல் பட்டியலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. நியூசிலாந்தின் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உண்டு. 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்விசார் எழுத்துகளின் தொகுப்பில் அவை ஏறத்தாழ 10 சதவீதம். மாணவர்கள் அதை செல்போன் செயலியில் ஏற்றி பஸ்ஸில் மனனம் செய்கிறார்கள், செய்யட்டும். ஆசிரியரின் நேரம் வேறொன்றுக்குத் தேவை: ‘ப்ரூவ்’, ‘ஷோ’, ‘சஜஸ்ட்’, ‘க்ளெய்ம்’ என்ற நான்கு வினைச்சொற்கள். ஒரு ஆய்வு நிரூபிக்கிறது என்று எழுதுபவர் அந்த ஆய்வாளருக்குத் தன் முழு வாக்கையும் கொடுத்துவிடுகிறார். க்ளெய்ம் போட்டால் எனக்குச் சந்தேகம் உண்டு என்கிறார். கூலிச் சண்டைக் கட்டுரையைத் திரும்ப எடுத்து இந்த நான்கையும் மாற்றி மாற்றிப் போடச் சொன்னால், எழுதுபவரின் நிலை ஒவ்வொரு முறையும் நகர்வதை அவர்களே பார்க்கிறார்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்லி தொகுத்த ‘அகடமிக் ஃப்ரேஸ்பேங்க்’ என்ற சொற்றொடர்த் தொகுப்பு இந்த வேலைக்கு அருமையான துணை. ‘தி’, ‘ஏ’ போன்ற ஆர்ட்டிக்கிள்களைத் திருத்திச் சிவப்பு மை செலவழிக்கும் ஆசிரியர்களைப் பார்த்தால் இவருக்கு வருத்தம்தான் வரும். சீனம், தாய், ரஷ்யன், தமிழ் எதிலும் இல்லாத சங்கதி அது. ஒரு கோடையில் பிடிபடாது, வாசகருக்கும் பொருள் கெடுவது அரிது.

எல்லாத் துறைக்கும் ஒரே கட்டுரை என்று பழக்குவதும் ஆபத்து. 1970களின் கடைசியில் பர்மிங்காமில் டிம் ஜான்ஸும் டோனி டட்லி-எவன்ஸும் மொழியாசிரியரையும் துறையாசிரியரையும் ஒரே வகுப்பில் சேர்த்து நிறுத்திப் பார்த்தார்கள். போக்குவரத்து, தாவர உயிரியல் மாணவர்களோடு நடந்த சோதனை அது. இன்று அவ்வளவு ஆள்பலம் எந்தக் கோடை வகுப்புக்கும் கிடையாது. குறைந்தபட்சம் துறையிலிருந்து போன வருட வினாத்தாளையும் மதிப்பெண் அளவுகோலையும் கேட்டு வாங்கலாம். கல்விசார் எழுத்தில் ‘நான்’ வரவே கூடாது என்று உருப்போட்டு வந்தவர்களுக்கு, நர்சிங் துறையும் வணிகத் துறையும் சொந்த அனுபவத்தை ஆராயும் கட்டுரை கேட்கின்றன, அதில் ‘நான்’ இல்லாவிட்டால் மதிப்பெண் போகும் என்பது அதிர்ச்சியாக இருக்கும். அந்த அதிர்ச்சி ஆகஸ்டிலேயே வந்துவிடுவது நல்லது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்த வகுப்புகளில் சந்தேகம் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. எழுத்து மிக நன்றாக இருந்தால் ஆசிரியர் முகம் சுருங்குகிறது. கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பலாமா என்றால், 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளிடம் டோஃபெல் தேர்வுக்கு அயல்மொழிக்காரர்கள் எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று அவை தவறாகச் சொல்லின. அளவான சொல்வளத்தோடு எழுதுபவர்தான் முதலில் மாட்டுகிறார். அதாவது இந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பவரே.

ஆகவே இவர் கருவியை விட்டுவிட்டு மாணவரோடு பத்து நிமிடம் பேசுகிறார். முதல் வரைவு எங்கே? இந்த ஆய்வாளரை ஏன் இரண்டாம் பக்கத்துக்குக் கொண்டுவந்தீர்கள்? இந்த மூவரில் யாரோடு உங்களுக்கு உடன்பாடு குறைவு? தானே எழுதியவர் திக்கித் திணறியாவது பதில் சொல்வார். சிலர் தாளில் இருப்பதைவிட நல்ல வாதத்தை வாயால் சொல்லி, அதை வரைவில் சேர்க்க ஓடுவார்கள். எழுதாதவர் இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடுவார். பதினாறு பேர் உள்ள வகுப்புக்கு இது மூன்று மணி நேரத்தை நெருங்கும் வேலை. ப்ரீ-செஷனல் ஆசிரியர்களில் பெரும்பாலோர் கோடைக்கு மட்டும் ஒப்பந்தத்தில் வருபவர்கள். கால அட்டவணையில் இந்த மூன்று மணி நேரத்துக்குக் கட்டம் ஒதுக்கியிருப்பது அபூர்வம். சம்பளக் கணக்கு எழுதும்போது அதை எந்தத் தலைப்பில் போடுவது என்று ஆகஸ்ட் கடைசியில் ஆசிரியர் அறையில் ஒரு வாக்குவாதம் தவறாமல் நடக்கும்.